முன்னணியின் நிலையும் நடுக்களத்தின் கதியும்

வராக நதியின் நீர் பாய்ந்து விளையும் ஜெயமங்கலத்து வயல்களில் அறுப்பு முடிந்து, கதிர்க்கட்டுகள் களத்துமேட்டுக்கு ஏறி, அடுத்த உழவுக்கு மண் காத்துக் கிடக்கும் சில வாரங்களில், தாள் மட்டும் நிற்கும் நஞ்சைப் பரப்பு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பந்தாட்டக் களமாகிவிடும். அங்கே ஒரு கட்சி மைதானத்தின் நடுப்பகுதியைக் கைவிட்டுத் தோற்கும்போதெல்லாம், நடுவில் நின்று ஓடி ஓடிக் களைத்த பிள்ளைகள் மீதே பழி விழுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு மூச்சுப் போதவில்லை என்றும், பந்தை நிறுத்தத் தெரியவில்லை என்றும், எதிரியை மறிக்க நெஞ்சுரம் இல்லை என்றும் பேச்சு எழுகிறது. ஆனால் கால்பந்தாட்டத்தின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, நடுக்களத்தின் வெற்றி தோல்விகளை நடுவில் நிற்பவர்கள் மட்டும் நிர்ணயிப்பதில்லை என்பதும், முன்னால் நிற்கும் பார்வர்டுகள் எந்த இடத்தைத் தமக்கு ஸ்தானமாகக் கொள்கிறார்கள் என்பதே அதற்குப் பிரதான காரணம் என்பதும் தெளிவாக விளங்கும். எங்கள் ஆயக்கட்டில் கடைமடைக்கு நீர் எட்டுமா எட்டாதா என்பதைக் கடைமடைக்காரரின் உழைப்பு முடிவு செய்வதில்லை, தலைமடையில் பலகையை எவ்வளவு தூக்குகிறார்கள் என்பதே முடிவு செய்கிறது அல்லவா? இதுவும் அத்தகையதே.

காரியம் நடக்கும் விதத்தை அந்தத் தாள் வயலிலேயே காணலாம். ஐந்து பிள்ளைகள் எதிர்க்கட்சியின் கோலுக்கு முன்னால் வரிசையாகப் போய் நின்றுகொண்டு, பந்து தங்களைத் தேடி வரட்டும் என்று காத்திருப்பார்கள். பின்னால் பந்தை வைத்திருப்பவன் தலையை உயர்த்திப் பார்க்கிறான். பக்கத்தில் ஆள் இல்லை, நாற்பது கஜத்துக்கு அப்பால்தான் ஆள் இருக்கிறது. ஆகையால் ஓங்கி உதைக்கிறான். அந்தப் பந்தில் பாதிக்கு மேல் எதிரியின் தலையிலும் மார்பிலும் பட்டுத் திரும்பி வருகிறது. திரும்பி வரும் பந்துக்கும் நடுவிலுள்ள இரண்டு மூன்று பேருக்கும் இடையே வரப்புக்கு வரப்பு வெற்றிடமாகக் கிடக்கிறது. அவ்வளவு இடத்தையும் அவர்களே ஓடி அடைக்க வேண்டும். இப்படியே கால் மணி நேரம் போனால் யாருக்குத்தான் மூச்சு நிற்கும்? பிறகு, முன்னால் நின்ற ஐவரில் சற்று விவேகமுள்ள ஒருவன், யாரும் சொல்லாமலேயே பத்தடி பின்னால் இறங்கி, கோலுக்கு முதுகைக் காட்டி, பந்து வரும் திசைக்கு உடலைச் சாய்த்து நிற்கிறான். அவனைக் காத்து நின்ற எதிர்க்கட்சிப் பிள்ளைக்கு அந்தக் கணத்தில் கால் ஓடுவதில்லை. கூடவே போனால் தன் கோலுக்கு முன்னால் இடம் திறந்துவிடும். போகாமல் நின்றால், இறங்கியவனுக்குப் பந்தை வாங்கித் திரும்ப அவகாசம் கிடைத்துவிடும். அவன் அப்படித் தயங்கும் பொழுதில், சற்று முன்வரை மூச்சிரைத்துக்கொண்டிருந்த நடுப்பிள்ளைகள் இருவரும் திடீரென்று திறமைசாலிகளாகத் தோற்றமளிக்கிறார்கள். அவர்களுடைய கால்களில் புதிதாக எதுவும் வந்துவிடவில்லை; முன்னே நின்றவன் இடம் மாறினான், அவ்வளவுதான்.

இந்த எளிய உண்மை உலகத்தாருக்குப் புலப்பட ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆயின என்பது வியப்புக்குரியது.

1872-ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் கிளாஸ்கோ நகரத்துக் கிரிக்கெட் மைதானம் ஒன்றில் சந்தித்தபோது, தேசங்களுக்கிடையே நடந்த முதல் கால்பந்தாட்டம் அரங்கேறியது. இங்கிலாந்தின் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் முன்வரிசையில் நின்றார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆறு பேரை முன்னே நிறுத்தி, மற்ற நால்வரை இரண்டிரண்டாகப் பின்னே வைத்துக்கொண்டார்கள். அக்காலத்து ஆங்கிலேயரின் ஆட்டம் என்பது, பந்து கிடைத்தவன் அதைக் காலில் ஒட்டிக்கொண்டு இயன்ற மட்டும் முன்னே ஓடுவதும், அவன் தவறவிட்டால் அவனோடு ஓடிவரும் இன்னொருவன் எடுத்துக்கொள்வதுமே ஆகும். நடுக்களம் என்ற ஒன்று இருப்பதாகவே அவர்கள் கருதவில்லை. ஆப்சைடு விதி அப்போது வெகு கடுமையாக இருந்தது: பந்துக்கு முன்னால் நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரிகள் மூவராவது இருந்தாலன்றி அவனுக்குப் பந்தைத் தர முடியாது. உடல் பருமனில் குறைந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் தம்முள் பந்தைப் பரிமாறிக்கொண்டு ஆடினார்கள். ஆட்டம் கோல் இல்லாமல் சமனாக முடிந்தது. ஆயினும், ஆட்களை முன்னே குவிப்பதால் மட்டும் பந்து முன்னே போய்விடாது என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

அந்தப் பாடத்தின் விளைவாகவே 1880-களில் பிரமிடு என்னும் வியூகம் நிலைபெற்றது. பின்னே பேக் இருவர், நடுவே ஹாப் மூவர், முன்னே பார்வர்டு ஐவர். தமிழ்நாட்டில் அறுபது எழுபது வயதைக் கடந்த கால்பந்து ரசிகர் யாரைக் கேட்டாலும் ரைட் அவுட், ரைட் இன், சென்டர் பார்வர்டு, லெப்ட் இன், லெப்ட் அவுட் என்று அந்த ஐந்து ஸ்தானங்களையும் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார். இவற்றுள் அவுட் என்று பெயர் பெற்ற இருவரும் ஓரக்கோட்டை ஒட்டி நிற்பதால் எதிரியின் காவல் அகலமாக விரிகிறது. விரிந்த காவலின் நடுவே உண்டாகும் இடைவெளிகளில் இன் என்ற பெயருடைய இருவரும் சற்றுப் பின்தங்கி நின்று, ஹாப்களிடமிருந்து பந்தை வாங்கி முன்னே கடத்துகிறார்கள். பார்வர்டு என்று பெயரிருந்தாலும் அந்த இன் ஆட்டக்காரர்களின் உழைப்பில் பாதி நடுக்களத்துக்குரியது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அந்த வியூகம் அசையாமல் நின்றதற்குக் காரணம் சென்டர் ஹாபின் வல்லமை என்றே பலரும் எழுதியிருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், அந்தச் சென்டர் ஹாப் தலைநிமிர்ந்து ஆடுவதற்கு வேண்டிய அவகாசத்தை வாங்கித் தந்தவர்கள் இந்த இரண்டு இன் ஆட்டக்காரர்களே.

இங்கிலாந்தில் லீக் ஆட்டங்கள் தொடங்கிய அதே 1888-ஆம் ஆண்டில் சிம்லாவில் டூராண்டு கோப்பைப் போட்டி தொடங்கியது. ராணுவப் படைப்பிரிவுகளோடு வந்த இந்தப் பந்து, கல்லூரிகள், போலீஸ், ரயில்வே, துறைமுகம் என்று படிப்படியாகப் பரவி, 1911-ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று மோகன் பகான் சங்கத்தார் வெள்ளையர் படை அணியொன்றை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய நாளில் தேசத்தின் உடைமையாகிவிட்டது. அன்று அந்தப் பதினொருவரில் ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலோடு ஆடினார்கள்.

எங்கள் பக்கத்துக்கு மிக நெருங்கிய கால்பந்துச் சரித்திரம் மலைமேல் இருக்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக ஏறினால் டாப் ஸ்டேஷன். அதற்கப்பால் மூணாற்றின் தேயிலைத் தோட்டங்கள். கங்காணிமாரின் பின்னே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏறிப்போன தமிழர்களே அந்தத் தோட்டங்களை உண்டாக்கினார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிக் கயிற்றில் கொட்டக்குடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்து சேர்ந்தன. 1928-இல் போடிக்கு ரயில் வந்தது. தொழிலாளர் லயங்களுக்கு முன்னால் கிடைக்கும் சிறு சமதளங்களில் வளர்ந்த பந்தாட்டத்துக்கு, ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனியார் காலத்தில், 1941-ஆம் ஆண்டு ஃபின்லே கேடயப் போட்டி ஏற்பட்டது. சந்தோஷ் கோப்பைப் போட்டி தொடங்கிய ஆண்டும் அதுவே. தோட்டத்துக்குத் தோட்டம் அணி சேர்ந்து ஆடும் அந்தப் போட்டி, கம்பெனியின் உடைமை கைமாறிய பின்னரும் தொடர்ந்து நடந்து வந்திருக்கிறது. கொழுந்து கிள்ளிப் பிழைக்கும் ஜனங்கள் ஆண்டுக்கொரு முறை தம் தோட்டத்தின் பெயரை உரக்கக் கூவிக் களிக்கும் அந்த விழாவைத் தமிழ்நாட்டின் விளையாட்டு ஏடுகள் இவ்வளவு அலட்சியமாக விட்டுவிட்டது எனக்கு உண்மையான வருத்தம் தருகிறது.

இனி மேல்நாட்டுக்குத் திரும்புவோம். 1925-இல் ஆப்சைடு விதி தளர்ந்தது. மூன்று எதிரிகள் என்பது இரண்டாகக் குறைந்தது. அதன் விளைவு உடனே தெரிந்தது. இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் அதற்கு முந்திய ஆண்டு 4,700 ஆக இருந்த கோல்களின் தொகை, அந்த ஆண்டில் 6,373 ஆக உயர்ந்தது. அக்டோபர் மாதம் ஆர்சனல் அணி நியூகாசில் அணியிடம் 7–0 என்று தோற்றபின், நிர்வாகி ஹெர்பர்ட் சாப்மன், ஆட்டக்காரர் சார்லி பக்கனின் யோசனையை ஏற்றுச் சென்டர் ஹாபை இரண்டு பேக்குகளுக்கு நடுவே பின்னிழுத்தார். சென்டர் ஹாப் போன இடம் வெறுமையாகிவிட்டது. அதை நிரப்ப முன்வரிசையிலிருந்தே ஒரு இன் ஆட்டக்காரரை இறக்கினார். பிற்பாடு அலெக்ஸ் ஜேம்ஸ் அந்தப் பணியில் ஈடிணையற்றவராக விளங்கினார். டபிள்யூ–எம் என்று பெயர் பெற்ற அந்த வியூகத்தை எல்லோரும் காவலின் சீர்திருத்தம் என்றே கருதுகிறார்கள். உண்மையில், முன்னணியர் இருவர் நடுக்களத்துக் குடிகளாக மாறியதே அதன் ஜீவன்.

ஆயினும் சென்டர் பார்வர்டு மட்டும் தம் இடத்தைவிட்டு அசையவில்லை. கோலுக்கு நேரே, எதிரியின் சென்டர் ஹாபோடு முட்டி மோதிக்கொண்டு நிற்பதே அவருடைய தர்மம் என்று உலகம் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் ஹங்கேரிக்காரர்கள். புடாபெஸ்டில் எம்.டி.கே. சங்கத்தின் பயிற்சியாளர் மார்ட்டன் புகோவி, தம்மிடம் முரட்டு உடல் வாய்ந்த சென்டர் பார்வர்டு இல்லாத நிலையில், பீட்டர் பலோடாஸ் என்பவரைப் பின்னிறக்கி ஆடவைத்துப் பரீட்சை செய்தார். தேசிய அணியின் பயிற்சியாளர் குஸ்தாவ் செபேஷ் அந்த முறையை மேற்கொண்டார். நாண்டோர் ஹிடேகுட்டி அந்த ஸ்தானத்துக்கு வந்து சேர்ந்தார். 1953-ஆம் ஆண்டு நவம்பர் 25 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில், ஐரோப்பாக் கண்டத்து அணி எதற்கும் சொந்த மண்ணில் தோற்றறியாத இங்கிலாந்தை ஹங்கேரி 6–3 என்று தோற்கடித்தபோது, அவற்றில் மூன்று கோல்கள் ஹிடேகுட்டியுடையவை.

அன்று நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். முதுகில் ஒன்பதாம் எண்ணைத் தாங்கிய ஹிடேகுட்டி, ஆட்டம் தொடங்கியதும் கோலுக்கு முன்னால் போய் நிற்காமல், நடுவட்டத்தை ஒட்டியே உலவிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தின் சென்டர் ஹாப் ஹாரி ஜான்ஸ்டன் யாரைக் காப்பது என்று அறியாமல் திகைத்தார். அவர் ஹிடேகுட்டியைப் பின்தொடர்ந்தால், ஃபெரென்ச் புஷ்காஷும் சாண்டோர் கோச்சிஷும் அவர் விட்டுச் சென்ற இடத்துக்குள் பாய்ந்தார்கள். பின்தொடராமல் நின்றால், ஹாப் ஸ்தானத்தில் ஆடிய யோசெஃப் போஜிக்கும் ஹிடேகுட்டியும் சேர்ந்து நடுக்களத்தில் இங்கிலாந்தின் ஆட்களைவிட எண்ணிக்கையில் மிஞ்சினார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். ஒருவர் பின்னே இறங்குவதால் மட்டும் பயன் இல்லை. அவர் காலி செய்த இடத்துக்கு இன்னொருவர் முன்னேறாவிட்டால், நடுக்களத்தில் கூட்டம் சேருமேயன்றி வழி பிறக்காது. ஹிடேகுட்டி இறங்கியது பாதிக் காரியம். புஷ்காஷும் கோச்சிஷும் ஏறியது மறு பாதி. எங்கள் வயல்வெளிப் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் பாதியைக் கற்றுக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஹங்கேரி அணி உலகின் கண்ணில் முதலில் பட்டது 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில். இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியாவை 2–0 என்று வென்று தங்கம் பெற்றது. அதே யூகோஸ்லாவியா அதே ஒலிம்பிக்கில் இந்தியாவை 10–1 என்று தோற்கடித்திருந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், லண்டனில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய நம்மவர்கள் பிரான்சிடம் 2–1 என்று மட்டுமே தோற்று, பெங்களூர்த் தமிழரான சாரங்கபாணி ராமன் அடித்த கோலால் மானத்தைக் காத்துக்கொண்டு வந்தவர்கள். ஹெல்சிங்கியில் அந்த மானமும் போயிற்று. பூட்ஸ் இல்லாததே காரணம் என்று அன்று பலரும் பேசினார்கள். அது ஒரு காரணமே, சந்தேகமில்லை. ஆனால் அணியின் பயிற்சியாளராயிருந்த சையது அப்துல் ரஹீம் அதற்கு மேலும் பார்த்தார்.

ரஹீம் சாகேப் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆசிரியருக்குரிய நிதானமும் கண்டிப்பும் அவருடைய பயிற்சியில் இருந்தன. அவர் உருவாக்கிய ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. பந்தைக் காலில் நெளித்துக்கொண்டு ஓடுவதைத் தடுத்து, வாங்கியவுடன் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடும், பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடும் அவர் இளைஞர்களுக்குப் போட்டிகள் நடத்தினார். இத்தகைய பயிற்சியின் பயன் யாருக்கு அதிகம் என்று சிந்தித்துப் பார்த்தால் விடை தெளிவாகும்: கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்கி, நிமிஷ அவகாசமும் இன்றி எந்தக் காலாலும் திருப்பித்தர வேண்டிய முன்னணியாளருக்கே. நடுக்களத்தை முன்னணியின் வழியாகச் சீர்படுத்த அவர் முனைந்தார் என்று நான் சொல்வது இதைக் கொண்டுதான்.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு அவர் கொண்டு சென்ற அணியின் முன்வரிசை ஹங்கேரியரின் முறையைத் தழுவியது. ஒருவர் நேரே முன்னே நிற்க, அவருக்குப் பின்னே தாழ்ந்து நின்று ஒருவர் பந்தைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. விதியின் விசித்திரம், முதல் சுற்றில் இந்தியாவுக்கு எதிரியாக வாய்த்ததே ஹங்கேரிதான். ஆனால் அந்த ஆண்டு தம் தேசத்தில் மூண்ட புரட்சியின் நடுவே அவர்களுடைய கால்பந்து அணி வரவில்லை. ஆடாமலேயே இந்தியா அடுத்த சுற்றுக்கு ஏறியது. டிசம்பர் 1 அன்று ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4–2 என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் ஆசியர் ஒருவர் அடித்த முதல் ஹாட்ரிக் அது. நான்காவது கோல், கிட்டு என்று எல்லோரும் அழைத்த ஜே. கிருஷ்ணசாமியுடையது. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோலை அடித்ததும் இந்தியாதான். பிறகு 4–1 என்று தோற்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றது. 10–1 என்று தோற்ற நான்கே ஆண்டுகளில், அதே யூகோஸ்லாவியாவை முந்திக்கொண்டு கோல் அடிக்கும் நிலைக்கு ஒரு தேசம் உயர்ந்தது சாமானியக் காரியம் அன்று.

அந்த மெல்போர்ன் அணியில், இருபது வயது நிரம்பிய ஓர் இளைஞராக அறிமுகமானவர் துளசிதாஸ் பலராமன். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வறுமையில் வளர்ந்து, போலீஸ்காரர்கள் கழித்துவிட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் பந்தாட்டத்துக்கேற்ப மாற்றிப் போட்டுக்கொண்டு பழகியவர். முன்வரிசையில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடுவார். ஆனால் எந்த இடத்திலும் நின்றுகொண்டிருக்க மாட்டார். பந்து தம் கட்சிக்கு எட்டாத வேளையில் பின்னே இறங்கி வந்து, ஹாப்களுக்குத் தோள் கொடுத்து, பந்தை எடுத்துச் சரியான நேரத்தில் சரியான ஆளுக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் முன்னேறும் அவருடைய ஆட்டத்தைக் கண்டவர்கள், பி.கே. பானர்ஜி, சுன்னி கோஸ்வாமி ஆகிய இருவரோடும் சேர்த்து மும்மூர்த்திகளாகப் போற்றினார்கள். கோல் அடிப்பதில் பி.கே.யும், நேர்த்தியில் சுன்னியும் மிஞ்சியிருக்கலாம். நடுக்களத்துக்கும் முன்னணிக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தம் கால்களால் அழித்தவர் பலராமனே.

மெல்போர்னில் நடவாத சந்திப்பு நான்கு ஆண்டுகளுக்குப் பின் ரோமில் நடந்தது. 1960 ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் ஆட்டம் ஹங்கேரியோடு. எதிரே ஃப்ளோரியன் ஆல்பர்ட் போன்ற அடுத்த தலைமுறை மேதைகள். ஹங்கேரி 2–1 என்று வென்றது. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பலராமன். அதே ஒலிம்பிக்கில் பிரான்சோடு நம்மவர்கள் 1–1 என்று சமன் செய்தார்கள், பெருவிடம் தோற்றார்கள். தஞ்சாவூரைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜும் அந்த அணியில் இருந்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1973-இல், கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணிக்குப் பயிற்சியளித்தவர் அவரே.

ரஹீமின் யுக்தி முழுமையாக வெளிப்பட்ட இடம், 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்குள் அவர் நான்கு பேக், இரண்டு ஹாப், நான்கு பார்வர்டு என்ற வியூகத்துக்கு வந்திருந்தார். நடுவில் இருவர் மட்டுமே நிற்கும் அந்த வியூகத்தில் ஓர் ஆபத்து உண்டு: முன்னால் நிற்கும் நால்வரும் முன்னாலேயே நின்றுவிட்டால், அந்த இருவரும் எதிரியின் மூவரிடம் சிக்கி மூழ்கிவிடுவார்கள். பிரான்கோவும் பிரசாந்த சின்ஹாவும் நின்ற அந்த நடுக்களத்துக்கு மூன்றாம் ஆளாகவும், சில வேளை நான்காம் ஆளாகவும், சுன்னியும் பலராமனும் இறங்கிவர வேண்டியிருந்தது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2–0 என்று தோற்றார்கள். பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று அரையிறுதிக்கு வந்தார்கள்.

இதற்கிடையே பேக் ஸ்தானத்தின் தூணாயிருந்த ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. வேறொரு பயிற்சியாளராயிருந்தால் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரைச் சென்டர் பார்வர்டாக முன்னே அனுப்பினார். இதை வெறும் துணிச்சல் என்று கருதுவது பிழை. மலைபோன்ற உடல்வாகு உடைய ஒருவர் எதிரியின் கோலுக்கு நேரே நின்றால், எதிரியின் காவலர் ஒருவருக்கு இருவராக அவரைச் சுற்றி நிற்க வேண்டும். அவர்கள் முன்னே நகர அஞ்சுவார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய ஹாப்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி தானாகத் திறக்கும். அந்த இடைவெளியே சுன்னிக்கும் பலராமனுக்கும் வேண்டிய நிலம். ஹிடேகுட்டி பின்னே இறங்கிச் சாதித்ததை, ஜர்னைல் முன்னே நின்று சாதித்தார். வழிகள் எதிரெதிராயினும், இரண்டினாலும் செழித்தது நடுக்களமே. தென் வியட்நாமோடு நடந்த அரையிறுதியில் 3–2 என்று வெற்றி. சுன்னி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டம், மறுபடியும் தென் கொரியாவோடு. இஸ்ரேலையும் தைவானையும் விலக்கிவைத்ததை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்திருந்த காரணத்தால், ஏறக்குறைய லட்சம் பேர் நிறைந்த அரங்கம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. அந்தக் கூட்டத்துக்கிடையே நம்மவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்பதை நினைக்கும்தோறும் நெஞ்சு நெகிழ்கிறது. பதினேழாம் நிமிஷத்தில் பி.கே., இருபதாம் நிமிஷத்தில் ஜர்னைல். கொரியர் கடைசியில் ஒன்று திருப்பினார்கள், 2–1. கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து, மதராஸ் படைப்பிரிவு மையத்தில் சேர்ந்து, 1955-லும் 1958-லும் அந்த அணி டூராண்டு கோப்பையை வெல்லத் துணை நின்றவர். அவரும் ஆதியில் சென்டர் பார்வர்டாக ஆடியவரே. முன்னணியாளன் எங்கே நின்று பந்தை எதிர்பார்ப்பான் என்பதை அறிந்த கோலியின் கையிலிருந்து கிளம்பும் நீண்ட எறிவு எத்துணைப் பயனுள்ளது என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு, 1963 ஜூன் 11 அன்று, ரஹீம் புற்றுநோயால் காலமானார். அதே ஆண்டில் பலராமனும் நோயின் காரணமாக, இருபத்தேழு வயதுக்குள்ளாகவே, ஆட்டத்தைவிட்டு விலக நேர்ந்தது. இந்தியா 1964-இல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடமும், 1970 ஆசியப் போட்டியில் வெண்கலமும் பெற்றது. அதன்பின் நாம் இறங்கிய இறக்கத்தை விவரிக்க எனக்கு மனமில்லை.

2009-ஆம் ஆண்டு மே 2 அன்று மாட்ரிட் நகரத்தில், பார்சிலோனா அணியின் லியோனல் மெஸ்ஸி சென்டர் பார்வர்டின் இடத்திலிருந்து பின்னிறங்கி ஆடி, ரியல் மாட்ரிட் அணி அதன் சொந்த மைதானத்திலேயே 6–2 என்று தோற்றபோது, உலகமே ஒரு புதுமை பிறந்ததாக வியந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கைப்பேசியில் அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அதில் கற்க வேண்டியது நிரம்ப உண்டு. அந்த ஆட்டம் நடந்த நாளில் பலராமன் வங்காளத்தில் ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தரபாராவில் வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதையும் அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். கோலுக்குப் போகும் பந்து கண்ணில் படுகிறது. அந்தப் பந்துக்கு வழி திறக்கப் பின்னே இறங்கியவனின் பெயர் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. 1962-இல் பலராமனுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. மும்மூர்த்திகளில் மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது, அவருக்கு வழங்கப்படவில்லை. அது வழங்கப்படாமலேயே 2023 பிப்ரவரி 16 அன்று கொல்கத்தாவில் அவர் காலமானார்.